வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்த நாள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், சைக்கோடைனமிக்ன்னு சொன்னாலே முந்தி நீங்க சிரிப்பீங்களாமே, பிறகு எப்படி அதுல போய் விழுந்தீங்க?" யார் இதை உங்கள் காதில் போட்டு வைத்தார்களோ தெரியாது. ஆனால் சொன்னது உண்மை. நான் சிரித்தவள்தான், அதுவும் வாய்விட்டு. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், நேரமும் இருக்கிறது. ஆகவே விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்தளை டவுனில் ஒரு பார்மசிக்கு மேலே இருந்த சின்ன அறைதான் என் வேலை இடம். உளவளத்துணையாளர், அதாவது கவுன்சிலர் என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வருகிறவர்கள் பாதிப்பேர் தேயிலைத் தோட்டத்திலிருந்து, மீதி டவுனிலிருந்து. எனக்குக் கற்றுத் தந்த முறை கைவேலை மாதிரியானது. மூச்சுப் பயிற்சி, தூக்கத்துக்கு ஒரு ஒழுங்கு, பயத்தைப் படிப்படியாகக் குறைக்க வீட்டுப் பயிற்சி. வெறுங்கை முழம் போடுமா என்பது என் கட்சி. வருகிறவர் திரும்பிப் போகும்போது செய்வதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கண்டியில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் சைக்கோடைனமிக் என்கிற உள இயக்கவியலை முதன்முதலில் நெருங்கிக் கேட்டேன். ஒருவர் சின்ன வயதில் தன் ஆட்களோடு எப்படி இருந்து பழகினாரோ, அதையே தெரியாமல் நம் அறைக்குள் நம்மோடும் செய்து காட்டுவார், அதைக் கவனித்தால் போதும், பாதி வழி தெரிந்துவிடும் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தவளிடம், "பஸ்ஸுக்குள்ள மிதிபட்டு வந்து நிக்கிற மனுஷிகிட்ட, நீ என்னை ஒன் அம்மாவா நெனைக்கிறியான்னு கேட்டா, நேரா அடுத்த பஸ்ஸ எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவா" என்றேன். அவளும் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பினால் யார் அடக்குவது?

அந்தப் பயிற்சியோடு ஒரு சூப்பர்வைசரையும் தந்தார்கள். கண்டியிலிருக்கும் சிங்களப் பெண், என் மகளுக்கு அக்கா வயதுதான் இருக்கும். வாரம் ஒருமுறை போனில் முகம் பார்த்துப் பேசுவோம். நாங்கள் பேசிக்கொண்டது சிங்களத்தில், நான் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நான் பார்த்த ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர் கேட்பார். கேட்பார் என்றால் வெறுமனே கேட்பார். என்ன செய்யலாம் என்று கேட்டால், "தெரியலயே, உங்களுக்கு அங்க உக்காந்திருக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்பார். எனக்கு எரிச்சல் வரும். எனக்கு எப்படி இருந்தது என்று யார் கேட்டார்கள்? நோவு வந்தவளுக்கு எப்படி இருக்கிறது என்பதல்லவா பேச்சு.

இந்த நேரத்தில்தான் ராஜி வந்தாள். அவள் பெயர் ராஜி அல்ல. ஆளை அடையாளம் காட்டக்கூடிய மற்றதையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தொண்டையில் ஏதோ அடைக்கிறது, சோறு இறங்கவில்லை. சோதித்துப் பார்த்த டாக்டர்கள் உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஊர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய், இடையிடையே வந்து, மறுபடி மறுபடி திரும்பிப் போனவள். முதல் தடவை போனபோது மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். மகளை வளர்த்தது ராஜியின் அக்கா. மகள் இப்போது உயர்தர வகுப்பில் படிக்கிறாள். மூன்று பேரும் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து அறையில், எங்கள் பேச்சில் காம்பராவில், இருந்தார்கள்.

"வருஷம் பொறந்தோன்ன திரும்பப் போகணும் மிஸ். ஏஜென்ட்டு எல்லாம் சரி பண்ணிட்டாரு. அதுக்குள்ள இந்தத் தொண்டைய மட்டும் சரியாக்கித் தாங்க."

"மகள் என்ன சொல்றா?"

"அது நல்ல புள்ள மிஸ். எதுத்து ஒரு வார்த்த பேசாது. நான் வாங்கிட்டு வந்ததெல்லாம் அப்படியே பெட்டியோட அடுக்கி வச்சிருக்கு. பிரிக்கக்கூட இல்ல, அவ்வளவு பத்திரம்."

எனக்குச் சந்தோஷம். வீட்டில் சண்டையில்லை, மகள் மரியாதையான பிள்ளை, நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அழாத பிள்ளையைப் பற்றி ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா? வரவில்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். சின்னச் சின்னக் கவளமாக, தண்ணீரோடு விழுங்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அடுத்த வாரம் கஞ்சியும் இறங்காது. ஆனாலும் ஒரு முறைகூட வராமல் இருக்கமாட்டாள். வரும்போது வெறுங்கையோடும் வரமாட்டாள்.

நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரைப் பார்க்கப் போனால் எதையாவது கொண்டுபோக வேண்டும். தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும், இல்லையென்றால் உளுந்து வடை, ஒரு தடவை தோட்டத்துக் கராம்பு. எல்லாம் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வரும். தன்னால் விழுங்க முடியாதவள் எனக்குச் சுட்டுக் கொண்டுவருகிறாள். நானும் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள்தானே? வந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுப்பேனா? அடுத்த கிழமை அவள் வரும்போது அதைக் கழுவி, முறுக்கோ, பேக்கரியில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாணோ வைத்துத்தான் கொடுப்பேன். அவள் வேறொரு டப்பாவைத் தந்துவிட்டு இதை வாங்கிக்கொள்வாள். "எதுக்கு மிஸ் இதெல்லாம்" என்பாள், "இருக்கட்டும் ராஜி" என்பேன். அதற்கே கொஞ்ச நேரம் போகும். கடைசியில் நேரம் முடிய முன்னமே எழும்பிவிடுவாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு மிஸ்." அந்த ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை என்பது எனக்கு எத்தனையோ கிழமைக்குப் பிறகுதான் உறைத்தது.

சூப்பர்வைசரிடம் இவளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விசித்திரம் நடந்தது. சொல்ல ஒன்றுமே வரவில்லை. மற்ற எல்லாரைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசுகிறவள் நான். ராஜி என்று தொடங்கினால் ரொட்டி நினைவு வருகிறது, வடை நினைவு வருகிறது, அவள் சொன்ன பேச்சு ஒன்றும் நினைவு வரவில்லை.

"அவங்க எழும்பிப் போன பிறகு, உங்ககிட்ட அவங்களோடது என்ன மிஞ்சியிருக்கும்?" என்று கேட்டார்.

"டப்பாதான். அதையும் நெரப்பித் திருப்பிக் குடுத்துருவேன்" என்றேன், பகிடியாக.

அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, ரொம்ப ஆர்வமாக, "ஏன்?" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஏன் என்றால்? அது எங்கள் பழக்கம் என்றேன். "எங்க வீட்டுலயும் அதே பழக்கந்தான்" என்றார் அவர். "எங்கம்மா பக்கத்து வீட்டுப் பீங்கானை வெறுசா அனுப்பினதே இல்ல. நான் பழக்கத்தப் பத்திக் கேக்கல. நெரப்பிக் குடுக்கும்போது உங்களுக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. நல்லபடியாக முடிந்தது, ஒருவருக்கொருவர் ஒன்றும் பாக்கியில்லை, போய்வா என்கிற நிம்மதி. ஒரு விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற நிம்மதி. அதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ராஜி குவைத்திலிருந்து வருவாள், பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவாள், யாருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டாள், பிறகு புறப்பட்டுப் போய்விடுவாள். மகளும் எல்லாவற்றையும் மரியாதையாக வாங்கி அடுக்கி வைத்துவிட்டு, போய்வாருங்கள் என்று அனுப்பிவிடுவாள். என் அறையில் நடந்ததும் அதேதான். அவள் கொண்டுவருகிறாள், நான் வாங்கிக்கொள்கிறேன், நேரத்துக்கு முன்னால் அனுப்பிவைக்கிறேன். கண்டியில் நான் எதைக் கேட்டுச் சிரித்தேனோ, அதற்குள்ளேயே மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தேன். பல வருஷம் வேலை செய்த எனக்கு அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவு ஆச்சரியம்.

"அப்ப இனிமே சாப்பாடு கொண்டுவர வேணாம்னு சொல்லிறவா?" என்று கேட்டேன். செய்வதற்கு ஏதாவது வேண்டுமே எனக்கு.

"அதச் சொன்னா, அவங்க கொண்டுவாறதைத் தட்டிவிட்டதா ஆகும். உங்க பக்கத்த மட்டும் பாருங்க. என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு எனக்கு" என்றார். ஆசையாம். அவருக்கென்ன, கண்டியில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த கிழமை ராஜி வந்தாள். கையில் ரொட்டி. வாங்கிக்கொண்டேன். முந்திய டப்பாவை மேசைமேல் எடுத்து வைத்தேன். கழுவித் துடைத்து, மூடி போட்டு, வெறுசாக.

அவள் அதைக் கையில் எடுத்தாள். பாரம் இல்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மிஸ்ஸுக்கு என்மேல ஏதும் கோவமா?"

"ஏன் அப்படிக் கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

கீழே பார்மசியில் யாரோ மருந்துச் சீட்டை உரக்க வாசிப்பது கேட்டது. அவள் எச்சில் விழுங்க முயன்று முடியாமல் தவிப்பது எனக்கு முன்னாலேயே நடக்கிறது. என் மேசை லாச்சியில் ஒரு பிஸ்கட் பக்கெட் இருந்தது. பிள்ளைகளே, அதை எடுத்து அவள் கையில் வைக்க என் கை எவ்வளவு துடித்தது தெரியுமா? "மறந்துட்டேன் ராஜி, இந்தாங்க" என்று ஒரு வார்த்தை போதும், இருவரும் பிழைத்துக்கொள்வோம். இந்த வேலையில் நாம் எடுக்கும் பெரிய முடிவுகள் வெளியிலிருந்து பார்த்தால் முடிவாகவே தெரியாது. அன்றைய முடிவு, லாச்சியைத் திறக்காமல் இருந்தது.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மாட்டியவள் எழும்பாமல், டப்பாவையே பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"விடியக்காத்தால எழும்பித் தேங்கா துருவி ரொட்டி சுடுறேன் மிஸ். எனக்கு ஒரு துண்டு இறங்காது. மிஸ் சாப்பிடுவாங்கன்னு சுடுறேன். நீங்க வெறும் டப்பாவ நீட்டுறீங்க. நான் என்ன கொற வச்சேன்?"

"சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? எல்லாரும் அப்படித்தான். அங்க குவைத்து வீட்டுலயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். குடுத்தா வாங்கிக்கிறாங்க. நல்லவன்னு சொல்றாங்க. ஒருத்தராவது, போகாத இருன்னு சொன்னாங்களா? நீங்க சொன்னீங்களா? நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்றப்பல்லாம், சரி ராஜி போய்ட்டு வாங்கன்னுதானே சொல்றீங்க?"

நம்மில் பலருக்கு, ஒருவர் நம்மிடம் அழுதால் தாங்கிக்கொள்ளத் தெரியும். நம்மிடம் கோபித்தால் தாங்கத் தெரியாது. மன்னிப்புக் கேட்டுவிடலாமா, விளக்கம் சொல்லலாமா, இது சிகிச்சைக்காகத்தான் என்று சொல்லலாமா என்று மனம் ஓடியது. எதைச் சொன்னாலும் அவள் கோபத்தை அவள் கையிலிருந்து பிடுங்கியதாகத்தான் ஆகும். அதோடு, அவள் சொன்னது உண்மை.

"ஆமா ராஜி. ஒருநாளும் இருங்கன்னு நான் சொல்லல" என்றேன்.

அவள் எழும்பிவிட்டாள். "பஸ்ஸுக்கு" என்று தொடங்கினாள்.

"இருங்க" என்றேன். "இன்னும் நேரம் இருக்கு. கோவத்தோடயே இருங்க."

அவள் நின்றாள். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு நாக்கு அரித்தது. நீங்கள் மகளுக்குச் செய்ததைத்தான் இங்கே எனக்கும் செய்கிறீர்கள் என்று அழகாக ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. போனில் பேசிய நாளிலிருந்து அதை நான் மனதுக்குள் மெருகேற்றி வைத்திருந்தேன். சொல்லாமல் விட்டதற்கு என் கெட்டித்தனம் காரணமில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நேரம் முடியப் போகும்போது ராஜி தானாகவே கேட்டாள். "மிஸ், எம்புள்ளைக்கும் உள்ளுக்க இப்படித்தான் இருக்குமோ?"

அவள் அதை என்னிடம் கேட்கவில்லை, தன்னையேதான் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதுவரை ஒருநாளும் தவறாதவள். பின்னேரம் முழுவதும் படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருஷப் பிறப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பேசாமல் விமானம் ஏறிவிட்டாளோ? போனால் ஒப்பந்தம் முடியும்வரை வர முடியாது. திரும்பி வரும்போது அந்தப் பெண்பிள்ளை படித்து முடித்து, தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள். அம்மா என்பவள் பெட்டி கொண்டுவரும் ஒரு உறவுக்காரியாகவே நின்றுவிடுவாள். ஒரு முறுக்கை வைத்துக் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று நினைத்தேன். சூப்பர்வைசருக்குப் போன் எடுத்து, "உங்க ஆசை தீர்ந்துச்சா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் வருத்தப்படவில்லை. "நீங்களும் கோவிக்கிறீங்க. நல்லது. நானும் இங்கதான் இருக்கேன்" என்றார். அப்புறம், "ஒவ்வொரு தரமும் அவங்க போறவங்க, மத்தவங்க காத்திருக்கிறவங்க. இந்தக் கிழமை காத்திருக்கிறது எப்படின்னு உங்களுக்குக் காட்டிட்டாங்க" என்றார். ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்த மகள் இத்தனை வருஷம் எப்படி இருந்திருப்பாள் என்று நானே காத்திருந்து தெரிந்துகொண்ட நாள் அதுதான். எந்தப் பயிற்சியிலும் அதை எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்க முடியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூச்சுப் பயிற்சி தேவைப்பட்ட இடத்தில் கடைசி நாள்வரை மூச்சுப் பயிற்சிதான் கொடுத்தேன். தற்கொலை எண்ணத்தோடு வருகிறவரிடம் போய் ஆர்வமாக உட்கார்ந்து அவருடைய குழந்தைப் பருவத்தை ஆராயாதீர்கள், முதலில் உயிரைப் பிடியுங்கள். ஆனால் நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு ஆள் நகராமல் நின்றால், அவரைக் குடைவதை விட்டுவிட்டு உங்களுக்கே ஒரு கேள்வி போடுங்கள். இவரோடு இருக்கும்போது நான் ஏன் இப்படி ஆகிறேன்? ஏன் தூக்கம் வருகிறது, ஏன் அதட்டத் தோன்றுகிறது, ஏன் இவ்வளவு நல்லவளாக நடந்துகொள்கிறேன்? வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதற்கடுத்த கிழமை, சொன்ன நேரத்துக்கு, படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜிதான். முகம் வீங்கியிருந்தது, ஆனால் நடை லேசாக இருந்தது. தொண்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் நினைவு வரவில்லை.

"மிஸ், மக என்னையப் பேசிட்டா" என்றாள். திட்டிவிட்டாள் என்று அர்த்தம். பரிசு கிடைத்தவள் போலச் சொன்னாள்.

"என்ன நடந்துச்சு?"

"அக்கா காம்பராவுக்குப் போகாம, அவ படிக்கிற எடத்துல கீழ உக்காந்தேன். எம்மேல கோவம் இருந்தாச் சொல்லும்மான்னேன். ஒண்ணுமில்லன்னா. நான் எழும்பல. ரெண்டு மூணு தரம் திரும்பித் திரும்பிப் பாத்தா. போறேனான்னு பாத்திருப்பா போல. நான் போகல மிஸ். அப்புறம் பொஸ்தகத்தத் தூக்கி அடிச்சுட்டு, 'நான் பெரிய மனுஷியானப்ப நீ எங்க இருந்த?'ன்னா."

ராஜி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சடங்க நான் போன்லதான் பாத்தேன். குவைத்து வீட்டுக் குசினியில ஒளிச்சு நின்னு பாத்தேன். அவ கட்டியிருந்த சீலை நான் அனுப்புனது. அதச் சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லல. அவ பேசிக்கிட்டே போறா. அக்கா ஓடியாந்து, பெத்தவள இப்படியா பேசுறது வாய மூடுன்னு அவளப் புடிச்சு இழுத்தா. நான் சொன்னேன், அக்கா, பேச வுடு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு."

"ஏஜென்ட்?"

"ரெண்டு தரம் கோல் எடுத்தாரு. தூக்கல."

அவள் தோளில் இருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பேசிப் பேசி அவளுக்குத் தொண்ட கட்டிப்போச்சு மிஸ். அப்படியே செவுத்துல சாஞ்சு உக்காந்தா. ரொம்ப நேரம் பொறுத்து என்னையப் பாத்து, 'நாளைக்கும் இருப்பியா? இன்னும் இருக்கு'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருப்பேன்னேன்."